இஸ்தோப்பில் முடைந்த கூடை

கொழுந்துக் கூடை பார்வைக்குப் பெரிசாக இருந்தால் நட்டம் கொழுந்து எடுக்கிறவளுக்குத்தான். மடுவத்தில் தராசில் மாட்டியதும் கூடைக்கென்று கணக்கப்பிள்ளை ஒரு றாத்தலைக் கழிப்பார். பெரிய கூடையாகத் தெரிந்தால் இரண்டு. மழை நாளென்றால் ஈரத்துக்கென்று தனியாக இன்னொன்று. வெறுங்கூடையை ஒரு நாளாவது தராசில் மாட்டிப் பார்ப்போமே என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் மறுநாள் எந்த மலையில் நிரை கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். என் தாத்தா முடைந்த கூடைக்குப் புசல்லாவைப் பக்கத்தில் ஒரு பேர் இருந்ததற்குக் காரணம் இதுதான். பார்க்க அடக்கமாக இருக்கும், கொள்ளும்போது கொள்ளும். அடியைக் குறுக்கி, இடுப்புக்கு மேலே மெல்ல அகட்டி, வாயை மறுபடி இறுக்கிக் கட்டுவார். கணக்கப்பிள்ளையின் கண்ணை ஏமாற்றவே பிறந்த உருவம் அது.

அவருக்குக் கூடை முடைவது தொழில் இல்லை. செக்றோலில் அவர் பேர் கவ்வாத்துக்கும் கான் வெட்டுக்கும்தான் இருந்தது. ஆண்களுக்குக் கணக்கு வேலை. விடியப் பெரட்டுக்குப் போனால் மத்தியானம் சாய்கிறபோது லயத்துக்குத் திரும்பிவிடலாம். அவர் மனைவி, எங்கள் அம்மாயி, திரும்பி வர இருட்டும். இடையில் கிடைத்த அந்த மூன்று நாலு மணி நேரத்தில், லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, மூங்கிலைப் பிளந்துகொண்டிருப்பார். அவருடைய பட்டறை அந்த இஸ்தோப்புதான். ஆறடி அகலம் இருந்தால் பெரிசு. பக்கத்துக் காம்பராக்காரர் போக வர அவர் காலை மடக்க வேண்டும்.

அந்த ஆறடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1840இல் பிரித்தானிய அரசு ஒரு சட்டம் போட்டது: உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குச் சொந்தம். கண்டிச் சீமையின் கிராமத்துச் சிங்களவர் தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய மேட்டு நிலங்கள் அப்படித்தான் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விலைபோயின. அடுத்த வருடமே, 1841இல், கேப்ரியல் வோம்ஸ், மொரிஸ் வோம்ஸ் என்ற இரண்டு சகோதரர்கள் புசல்லாவை மலையில் காடழித்துத் தோட்டம் போட்டார்கள். ஐரோப்பாவின் பெரிய வட்டிக்கடைக் குடும்பமான ரொத்சைல்டுக்கு அவர்கள் உறவு. அந்தப் பேரையே தோட்டத்துக்கும் வைத்தார்கள். இன்றும் அது ரொத்சைல்ட் தோட்டம்தான். பயிரிட்டது கோப்பி. மொரிஸ் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றும் கொண்டுவந்து நட்டார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட 1867க்கு 26 வருடம் முந்திய கதை இது. ஆனால் வோம்ஸின் தேயிலை வியாபாரமாகவில்லை. புசல்லாவைக்காரர்கள் நாங்கள் இந்த 26 வருடத்தைச் சொல்லிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வோம், அவ்வளவுதான்.

கோப்பிக் காலத்தில் லயத்தில் குடும்பம் என்று பெரிசாக ஒன்றும் இல்லை. பழம் பறிக்கிற மாதங்களுக்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வருவார்கள்; மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடப்பார்கள்; பாதி வழியில் கொலராவில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு விழுந்தது. அடுத்த பதினைந்து இருபது வருடத்தில் கோப்பி போய் மலை முழுக்கத் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பறிப்புக் காலம் என்று ஒன்று கிடையாது. வாரத்துக்கு வாரம் கொழுந்து வரும், வருடம் முழுக்க விரல் வேண்டும். அதனால்தான் பெண்கள் வேண்டியிருந்தார்கள், பிள்ளைகள் வேண்டியிருந்தார்கள், பிள்ளைக் காம்பரா வேண்டியிருந்தது. தோட்டத்தில் குடும்பம் என்ற ஒன்றை உண்டாக்கியது தேயிலைச் செடி. அந்தக் குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் கொடுத்தது கம்பனி. நிலம் கொடுக்கவில்லை.

புசல்லாவையிலிருந்து மலையிறங்கினால் கம்பளை. அதற்கு அப்பால் எம்பக்க தேவாலயம். பதினாலாம் நூற்றாண்டில் கம்பளை இராசதானியாக இருந்தபோது கட்டியது. அங்கே மரத்தூண்களில் அன்னமும் மல்லரும் இரட்டைத்தலைக் கழுகும் செதுக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன ஆசிரியை என்ற முறையில் அந்தத் தூண்களை நான் நிறையத் தரம் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தூணைப் பார்ப்பார்கள். நான் தேவாலயத்தைச் சுற்றிக் கிடக்கிற வயலைப் பார்ப்பேன். கண்டி அரசில் தச்சன், தட்டான், கொல்லன், சாயக்காரன் எல்லாருக்கும் சேவைக்குக் கூலியாக வயல் இருந்தது. அரசனுக்கு நான்கு பட்டறைகள் இருந்தன. அதில் வேலை செய்தவர்கள் நெல்லும் விதைத்தார்கள். கோயிலுக்கு விளக்குச் செய்கிறவன் வருடத்தில் இத்தனை நாள் விளக்குச் செய்வான், மற்ற நாளில் ஏர் பிடிப்பான். இராஜகாரியம் என்ற அந்தக் கட்டாயச் சேவையை 1832இல் ஒழித்தார்கள். கோயில் நிலங்களுக்கு மட்டும் அது தொடர்ந்தது. 1870இல் அதையும் காசாகக் கட்டித் தீர்க்க வழி செய்தார்கள். அடிமைத்தனம் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் உளி பிடித்தவனின் பிள்ளைக்கு வீட்டில் நெல் இருந்தது. அதனால் அவன் உளியைக் கீழே வைக்கவில்லை.

இதை எழுத்தில் அழுத்திச் சொன்னவர் ஒரு தமிழர். ஆனந்த குமாரசுவாமி, 1877இல் கொழும்பில் பிறந்தவர். கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக 1903 முதல் 1906 வரை இலங்கையில் சுற்றியபோது, கல்லைப் பார்க்கப் போன இடமெல்லாம் கைவினைக்காரரையும் பார்த்தார். அவர் மனைவி எதெல் படம் பிடித்தார், நெசவையும் பின்னல் வேலையையும் கவனித்து எழுதினார். பின்னாளில் எதெல் இங்கிலாந்தில் பேர்போன கைத்தறி நெசவாளரானார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலை குமாரசுவாமி 1908இல் கொண்டுவந்தார். 425 பிரதிகள். கைவினை இயக்கத்தின் வில்லியம் மொரிஸ் முன்பு பாவித்த அச்சு இயந்திரத்தில், இங்கிலாந்தின் புரோட் கெம்டன் கிராமத்தில் தன் வீட்டிலேயே அச்சடித்தார்.

அந்தக் கிராமத்தில் அவர் குடியிருந்தது தற்செயல் அல்ல. பக்கத்துச் சிப்பிங் கெம்டனுக்கு 1902இல் ஆஷ்பி என்ற கட்டடக்கலைஞர் இலண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து வெள்ளி வேலைக்காரர், தச்சர், கொல்லர் என்று ஏறக்குறைய ஐம்பது பேரைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடியேற்றியிருந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் போட்டார்கள், நாடகம் போட்டார்கள், நீச்சல் குளம் வெட்டினார்கள். வியாபாரம்தான் நடக்கவில்லை. 1908இல் அந்தச் சங்கத்தைக் கலைத்தார்கள். அப்போது அமெரிக்கச் சவர்க்கார முதலாளி ஜோசப் ஃபெல்ஸ் எழுபது ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மிஞ்சியவர்கள் ஆளுக்கொரு துண்டில் பயிர் செய்துகொண்டே தங்கள் பட்டறையையும் நடத்தட்டும் என்பது யோசனை. அது எல்லாருக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் சங்கத்தில் வந்த ஜோர்ஜ் ஹார்ட் அங்கேயே தங்கினார். சங்கத்தின் பட்டறை இருந்த பழைய பட்டு ஆலையிலேயே அவர் குடும்பம் இன்றும் வெள்ளி வேலை செய்கிறது.

நிலத்தோடு ஒட்டிய கைத்தொழில்: குமாரசுவாமி கண்டியில் பார்த்ததும் இதுதான், கெம்டனில் பக்கத்து வீட்டில் பார்த்ததும் இதுதான். ஆனால் அவர் நூலின் பொருள் சிங்களக் கலை. தேயிலை மலையின் லயத்துக் கூடைக்காரனுக்கு அதில் இடமில்லை. அவர் இலங்கையில் சுற்றிய காலத்தில் என் தாத்தாவின் தகப்பன் புசல்லாவையில் ஒரு கங்காணியின் துண்டுச் சீட்டில் கடனோடு வந்து சேர்ந்திருந்தார். கையில் ஒரு கூடைக் கத்தியும் இருந்தது என்பது எங்கள் வீட்டுக் கதை.

மூங்கில் தோட்டத்து ஆற்றோரம் வளரும். வெட்ட வேண்டுமானால் தொரையிடம் கேட்க வேண்டும். நேரே கேட்க முடியாது. கங்காணியிடம் சொல்லி, கங்காணி கண்டக்டரிடம் சொல்லி, அது சுற்றி வரும். அதனால் தாத்தா ஆற்றுக்கு அக்கரையில் கிராமத்தில் இருந்த ஒரு சிங்களக் கூடைக்காரரோடு சிநேகம் வைத்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் வயலும் சொந்த மூங்கில் புதரும் இருந்தன. தாத்தா கருவாடும் சில நேரம் தேயிலையும் கொண்டுபோவார், முற்றிய மூங்கிலோடு வருவார். மூன்று வருட மூங்கில்தான் வேண்டும். இளசு சீக்கிரம் உளுக்கும். பிளந்ததைப் பீலித் தண்ணீரில் ஊறப்போட்டு, முடைந்த கூடையை அடுப்புக்கு மேலே அட்டலில் ஏற்றிவிடுவார். ரொட்டி சுடுகிற புகை ஏற ஏற மூங்கில் மினுங்கும், பூச்சி அண்டாது.

அம்மாயிதான் கூடையைச் சோதிப்பவர். தலையில் கயிற்றை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, வலப் பக்கம் முதுகு குத்துது" என்பார். "அது உன் முதுகு கோணல்" என்பார் தாத்தா. சொன்னாலும் அவிழ்த்துச் சரிசெய்வார். கண் விட்டு முடைவதில் இருவருக்கும் சண்டையே கிடையாது. காற்றுப் போகாத கூடையில் கொழுந்து அமுங்கிச் சூடேறிச் சிவந்துவிடும். ஸ்டோரில் டீமேக்கர் கத்துவார், திட்டு மலைக்கு வரும்.

லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மேட்டில் அம்மாயி போஞ்சியும் லீக்ஸும் போட்டிருந்தார். மாட்டுப்பட்டி எரு அதற்குப் போகும். அந்தத் துண்டு அவர்களுடையது இல்லை. எந்த வருடமும் கம்பனி அங்கே தேயிலை நடலாம். ஆனாலும் 1973, 74இல் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் துண்டால். கூடை விற்ற காசால் இல்லை. பசித்தவர்கள் கூடை வாங்க மாட்டார்கள்.

அதற்கு முன்பே வீடு இரண்டாகிவிட்டிருந்தது. 1948இல் பறித்த குடியுரிமையை 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் பங்குபோட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம். தாத்தாவின் தம்பி நீலகிரிக்குப் போனார். அங்கே தாயகம் திரும்பியோருக்கென்று அரசு போட்ட தேயிலைத் தோட்டத்திலேயே வேலை. கத்தியையும் கொண்டுபோய்விட்டார், அதுதான் அப்பாவின் கத்தி என்று தாத்தா சாகிறவரை குறைப்பட்டார்.

1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் மறுபடி கம்பனிகளின் கைக்கு வந்தன. இதற்குள் உரப்பையைத் தைத்து முதுகில் போடுகிற வழக்கம் வந்துவிட்டது. பிறகு வலைப் பை வந்தது. பை பாரமில்லை, முதுகைக் குத்தாது, அதன் எடையைச் சொல்லிக் கொழுந்தைக் கழிப்பதும் கொஞ்சம் கஷ்டம். அம்மாயியே பைக்கு மாறினார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மலையில் ஏறுகிறவருக்குக் கலை முக்கியமா, கழுத்து முக்கியமா? தாத்தாதான் கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு கோழிக்கூடு முடைந்தார்.

என் அப்பா கூடை முடையவில்லை. கற்றுக்கொள்ளச் சோம்பல் என்று தாத்தா சொல்வார், நான் நம்பவில்லை. அக்கரைக் கிராமத்துக் கூடைக்காரரின் மகனும் பேரனும் இன்றும் முடைகிறார்கள். அவர்களுக்கும் பை வந்ததால் நட்டம்தான். ஆனால் வயல் சோறு போட்டது, புதர் மூங்கில் கொடுத்தது, சந்தை மாறும்வரை காத்திருக்க முடிந்தது. இப்போது நுவரெலியா வீதியில் சுற்றுலாக்காரருக்கும் விடுதிகளுக்கும் கூடை விற்கிறார்கள். வெளிநாட்டுப் பெண்கள் அதை முதுகில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் சில கூடைகளுக்கு அடி குறுகி, வாய் இறுகி இருக்கிறது. தாத்தாவிடமிருந்து போன வடிவமா, அவரே அங்கிருந்து எடுத்ததா என்று யாரும் சொல்வதற்கில்லை.

பிறகு மலையகத்தில் லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கொடுக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 1,900 சதுர அடி. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குக் கிடைத்தது. வீடு போக மிஞ்சியதில் கொச்சிக்காயும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறார். மூங்கில் வைத்தால் அடுத்தவர் சுவருக்குள் வேர் போகும். ஆற்றோர மூங்கில் இன்னும் தோட்டத்துக் கணக்கில்தான் இருக்கிறது. ஒன்று வெட்டுவதானாலும் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.