தென்னை, பனை, கூந்தல்பனை: கள்ளின் சுவை காட்டுவதும் காட்டாததும்

திருவனந்தபுரம்: திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது கல்லாறு. தென்னை செழிக்கும் தாழ்நிலமும், கூந்தல்பனை வளரும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடும் நெருங்கி நிற்கும் பகுதி இது. கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படும் கள், தென்னை, பனை, கூந்தல்பனை ஆகிய மூன்று மரங்களிலிருந்து இறக்கப்படுகிறது. இவற்றின் சுவை எவ்வாறு வேறுபடுகிறது, அந்தச் சுவையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இங்கே காணலாம்.

மூன்று மரங்கள்

தென்னையில் விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் அதன் நுனியைச் சீவுகின்றனர். கசியும் சாறு பானையில் சேர்கிறது. வெண்ணிறமும் மென்மையான இனிப்பும் தென்னங்கள்ளின் இயல்பு.

பனையில் ஆண், பெண் இரு மரங்களிலிருந்தும் சாறு இறக்கப்படுகிறது. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் தொடர்ந்து கள் தரும். பனங்கள்ளோ பருவத்தைப் பொறுத்தது. பதநீரில் உள்ள பனைக்கே உரிய மணத்தைப் பனங்கள்ளிலும் உணரலாம்.

மலையாளத்தில் சூண்டப்பனை என்றும், இலங்கையில் கித்துள் என்றும் அழைக்கப்படும் கூந்தல்பனை, நீண்ட சடை போன்ற பூங்குலைகளைத் தொங்கவிடும். உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பூத்து, கடைசிக் குலை முடிந்ததும் மரம் பட்டுப்போகும். இதன் சாற்றைக் காய்ச்சித்தான் இலங்கையில் கித்துள் பாணியும் கருப்பட்டியும் தயாரிக்கப்படுகின்றன.

ஒரே கள், மாறும் சுவை

மரத்தை விட நேரமே கள்ளின் சுவையை அதிகம் மாற்றுகிறது. காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட், பாக்டீரியா ஆகியவை சாறு சொட்டத் தொடங்கியதுமே சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கிவிடுகின்றன. இறக்கிய உடன் இனிப்பும் நுரையும் மேலோங்கும். சில மணி நேரத்தில் இனிப்புக் குறைந்து, புளிப்பும் காரமும் கூடும். ஒரு நாள் கடந்தால் அசிட்டிக் அமிலம் பெருகி, கள் காடியாக மாறத் தொடங்கும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடுக்கப்படும். அவ்வாறு கிடைப்பதே பதநீர்.

எனவே காலையில் இறக்கிய தென்னங்கள்ளையும் முந்தைய நாள் பனங்கள்ளையும் ஒப்பிட்டு மரத்தின் தன்மையை அறிய முடியாது. ஒரே வேளையில் இறக்கி, ஒரே அளவு நேரம் கழிந்தவற்றை ஒப்பிட்டால் மட்டுமே மரத்தின் வேறுபாடு புலப்படும்.

சாகே காட்டும் வேறுபாடு

ஜப்பானின் அரிசி மதுவான சாகே இதற்கு நேர்மாறானது. அரிசி மாவுச்சத்தைக் கோஜி என்னும் பூஞ்சை சர்க்கரையாக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்குகிறது. இதற்கு வாரக்கணக்கில் காலம் ஆகிறது. பொதுவாக 15 முதல் 16 சதவீதம் ஆல்கஹால் கொண்ட இந்த மதுவின் தரம் புட்டியின் முகப்பிலேயே இடம்பெறும். தீட்டிய பின் அரிசியில் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எஞ்சியிருந்தால் 'கின்ஜோ'. 50 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எனில் 'டைகின்ஜோ'. வடித்த ஆல்கஹால் சேர்க்கப்படாதது 'ஜுன்மாய்'.

சாகேயைச் சுவைத்து மதிப்பிடுவோர், அடியில் இரண்டு நீல வளையங்கள் வரைந்த வெண்பீங்கான் கிண்ணத்தைப் பயன்படுத்துகின்றனர். வெண்பரப்பில் நிறமும், நீல வளையத்தில் தெளிவும் தெரியவரும். புதிய சாகேக்கான தேசிய மதிப்பீடு அந்நாட்டில் 1911 முதல் நடைபெற்று வருகிறது. கோஜியைக் கொண்டு பாரம்பரிய முறையில் சாகே தயாரிக்கும் கலை, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

திறந்த குடத்திலிருந்து ஊற்றப்படும் கள்ளுக்கு இத்தகைய முகப்புச் சீட்டு இல்லை. எந்த மரம், எந்த வேளை, எந்த ஊர் என்பதைக் குடிப்பவர் விற்பவரின் சொல்லைக் கொண்டே அறிகிறார்.

நாக்கு அறியாத நஞ்சு

கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் பகுதியிலிருந்தே கள் செல்கிறது. மரமேறுவோர் குறைந்து தேவை குறையாதபோது கலப்படத்துக்கு வழி பிறக்கிறது. தண்ணீரும் செயற்கை இனிப்பும் மட்டுமின்றி, மயக்கம் தரும் மருந்துப் பொருள்களும் கள்ளில் கலக்கப்பட்டது சோதனைகளில் தெரியவந்துள்ளது.

இவற்றில் மிகக் கொடியது மெத்தனால். இயல்பாக நொதித்த கள்ளில் இது ஆபத்து விளைவிக்கும் அளவில் இருப்பதில்லை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான திரவத்தைக் கலப்பதால் வருகிறது. மலப்புரம் மாவட்டத்தில் 2010 செப்டம்பரில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கள் இறக்க 1987 ஜனவரி 1 முதல் தடை உள்ள தமிழ்நாட்டில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

மெத்தனாலின் மணமும் சுவையும் வழக்கமான ஆல்கஹாலைப் போன்றே இருக்கும். மரத்தையும் நேரத்தையும் பிரித்தறியும் தேர்ந்த நாக்காலும் இதைக் கண்டறிய இயலாது. ஆய்வகச் சோதனையே வழி. கள் இனிப்பாகவும் புதிதாகவும் இருக்கிறது என்பது அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

அறிகுறிகள் என்ன?

உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்குகிறது. பாதிப்பு பெரும்பாலும் உடனே தெரிவதில்லை. 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். தலைவலி, வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, பார்வை மங்குதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். போதை தெளியட்டும் எனக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். உரிய மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் தொடக்கத்திலேயே கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காக்க வாய்ப்பு உண்டு. உடன் குடித்தவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அவசியம்.