வட்டத்தின் நடுவே ஒரு கோடு

தூத்துக்குடிக்காரனான நான் முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் சீஃப் ஆபீசராக. சரக்கு ஏற்றி முடியும் நேரத்தில் கயிற்று ஏணியில் இறங்கி, கப்பலின் நடுப்பக்கத்தில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பது என் பொறுப்பு. அங்கே 300 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதன் நடுவே குறுக்காக 450 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு. பக்கத்திலேயே வெப்பமண்டலக் கடலுக்கு, கோடைக்கு, குளிர்காலத்துக்கு, நன்னீருக்கு என்று தனித்தனிச் சிறு கோடுகள். அந்த வட்டத்தை நாங்கள் ‘பிளிம்சால்’ என்போம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பரீட்சைக்குப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

சாமுவேல் பிளிம்சால் 1824இல் பிரிஸ்டலில் பிறந்தவர். மாலுமி அல்ல, நிலக்கரி வியாபாரி. லண்டனில் தொடங்கிய தொழில் 1855இல் நொடித்துப் போனது. கையில் காசில்லாமல், கூலித் தொழிலாளர்கள் தங்கும் மலிவான விடுதிகளில் அவர்களோடு ஒருவராக வாழ்ந்தார். பிறகு பணம் சேர்ந்தது; 1868இல் டெர்பி தொகுதியின் லிபரல் உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கும் போனார். ஆனால் அந்த விடுதி நாட்களை அவர் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் கப்பலில் எவ்வளவு ஏற்றலாம் என்பது முதலாளியின் விருப்பம். உளுத்துப்போன கப்பலை அதன் மதிப்புக்கு மேல் இன்சூர் செய்து, தளும்பத் தளும்பச் சரக்கேற்றி அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்தால் கூலி லாபம். மூழ்கினால் இன்சூரன்ஸ் லாபம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாலுமி கப்பலின் நிலையைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால் அவனுக்குச் சிறை. இப்படிப்பட்ட கப்பல்களுக்குச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே பெயர் வந்துவிட்டது.

சரக்குக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும் என்று நியூகாசில் கப்பல் முதலாளி ஜேம்ஸ் ஹால் ஏற்கெனவே கேட்டு வந்தார். பிளிம்சால் அதைத் தன் உயிர்ப்பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். 1873இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய புத்தகம் நாட்டையே உலுக்கியது. அவர் மேல் அவதூறு வழக்குகள் பாய்ந்தன. விசாரணைக் கமிஷனும் அமைந்தது.

1875 ஜூலை 22. கப்பல் மசோதாவை அந்த ஆண்டு கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சால் சபை நடுவே வந்து நின்று முஷ்டியை ஆட்டினார். மாலுமிகளைச் சாகக் கொடுப்பவர்களை அயோக்கியர்கள் என்று கத்தினார். சொன்னதைத் திரும்பப் பெற மறுத்து வெளியேறினார். ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்டது சபை மரபை மீறியதற்காகத்தான். அதற்குள் ஊர் ஊராக மக்கள் கூட்டம் போட்டுவிட்டார்கள். அரசு அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவந்தது. 1876இல் கோடு கட்டாயமானது.

இதை ஒரு வெற்றிக் கதையாக இங்கேயே முடித்துவிடுகிறார்கள். கப்பலில் இருந்த எனக்கு அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். கோடு போட வேண்டும் என்றது அந்தச் சட்டம். எங்கே போடுவது என்பதை முதலாளியிடமே விட்டுவிட்டது! இடம் குறிக்காத எல்லை ஒரு மாலுமியையும் காப்பாற்றாது. 1880இல் மந்திரி ஹார்கோர்ட்டுக்காகத் தன் தொகுதியையே விட்டுக்கொடுத்தார் பிளிம்சால். மந்திரியால் மாலுமிகளுக்குத் தன்னைவிட அதிகம் செய்ய முடியும் என்று நம்பினார். கோட்டின் இடத்தைச் சட்டம் நிர்ணயித்தது 1890இல்தான். ஒரு நாள் கோபத்தில் பிறந்த கோட்டுக்கு இடம் கிடைக்கப் பதினான்கு வருடப் பிடிவாதம் தேவைப்பட்டது. 1898இல் ஃபோக்ஸ்டனில் அவர் இறந்தார்.

அந்தப் பிடிவாதத்தின் அருமையை ஓர் இரவு நேரில் கண்டேன். எங்கள் கப்பல் ஒரு சென்டிமீட்டர் மூழ்க நாற்பது டன் வேண்டும். கோடு தண்ணீரைத் தொட்டுவிட்டது. கரையிலோ இன்னும் இருநூறு டன் கிடந்தது. சரக்குக்காரரின் ஆள் கேப்டனிடம் வந்து, “அஞ்சு சென்டிமீட்டர்தானே சார், கண்ணுக்கே தெரியாது” என்றார். கேப்டன் அவரிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பி, “சீஃப், ஹேட்ச்சை மூடச் சொல்லுங்க” என்றார். கப்பலில் இருபத்திரண்டு பேர் இருந்தோம்.

டிரை டாக்கில் அந்த வட்டத்துக்குப் புதுசாகப் பெயிண்ட் அடிக்கும் பையன்களிடம் ஒன்று சொல்வேன்: “தம்பி, தடவிப் பாரு.” விரலில் இரும்பு மேடு தட்டும். பெயிண்ட் உரிந்தாலும் கோடு இடம் மாறாதபடி, வெல்டிங்கில் பதித்திருப்பார்கள்.