நன்னீர்த் தொட்டியில் உப்பு: ஒரு பழக்கத்தின் வரலாறு

வண்ணமீன் வளர்ப்பில் நன்னீர்த் தொட்டிக்கு உப்பு இடும் வழக்கம் மீன் பண்ணைகளிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில், மீனின் உடலில் பஞ்சு போலப் படரும் பூஞ்சையை நீக்க உப்புக் கரைசலில் சிறிது நேரம் முக்கி எடுத்தார்கள். அன்று அது சிகிச்சை மட்டுமே. முக்கி எடுத்த மீன் திரும்பவும் உப்பில்லாத ஓடும் நீருக்கே போனது. அந்தச் சிகிச்சை, நோயில்லாத தொட்டியிலும் நிரந்தரமாக உப்பு இருக்க வேண்டும் என்ற விதியாக மாறிய கதைதான் இந்தப் பழக்கத்தின் வரலாறு. அந்த விதி பிறந்த காலத்தில் அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. காரணங்கள் பெரும்பாலும் மறைந்த பிறகும் விதி நிலைத்துவிட்டது.

வீட்டுத் தொட்டியின் தொடக்கத்தில் உப்புக்கு இடமே இல்லை. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் அங்குள்ள வேதியியல் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில், தங்கமீன், வாலிஸ்நேரியா செடி, குளத்து நத்தை ஆகிய மூன்றும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதைக் காட்டினார். செடி ஆக்சிஜன் தரும். மீனின் கழிவு செடிக்கு உரமாகும். அழுகும் இலையை நத்தை தின்னும். இந்தச் சமநிலையில் வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டியதில்லை. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலை மீன்களுக்கென்று தனிக் கட்டடத்தைத் திறந்ததும் இந்த ஆர்வம் நகரமெங்கும் பரவியது.

வாரிங்டனின் சமநிலை சில மீன்களுக்குத்தான் பொருந்தியது. தொலைதூர நாடுகளிலிருந்து மீன்கள் வரத் தொடங்கியபோது தொல்லையும் தொடங்கியது. 1869இல் பியேர் கார்போனியே என்ற மீன் வளர்ப்பாளர் கிழக்காசியாவின் பாரடைஸ் மீனைப் பாரிசில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இருந்ததால் நெரிசலான பாத்திரங்களில் நெடும் கடற்பயணத்தை அந்த மீன் தாங்கியது. அந்த உறுப்பு இல்லாதவை பாதி உயிரோடுதான் வந்து சேர்ந்தன. அவற்றை ஏற்ற தொட்டிகள் இரும்புச் சட்டமும் கற்பலகை அடித்தளமும் கொண்டவை. குளிர்காலத்தில் பலகையின் கீழே விளக்கெரித்து நீரைச் சூடாக்கினார்கள். வடிகட்டி என்று எதுவும் கிடையாது. இளைத்த மீன், ஏறி இறங்கும் வெப்பம், தேங்கிய கழிவு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் நோய் வராமல் இருந்தால்தான் வியப்பு.

அந்த நோய்களுள் முதன்மையானது வெண்புள்ளி நோய். அதை உண்டாக்கும் ஒற்றைச் செல் உயிரியை 1869இல் ஹாம்பர்க் விலங்குக் காட்சிச்சாலையின் மீன்களில் ஹில்கென்டார்ஃப், பாலிக்கி என்ற இருவர் கண்டு விவரித்தார்கள். 1876இல் பிரான்சின் ஃபூக்கே அதற்கு இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயரிட்டார். மீனின் தோலுக்கு அடியில் புதைந்து கொழுக்கும் இந்த உயிரி, முதிர்ந்ததும் உதிர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் மீனைப் பற்ற வேண்டும், இல்லையேல் மடியும். தோலுக்குள் இருப்பதை உப்பு தொடுவதில்லை. நீந்தித் திரியும் குஞ்சுகளைத்தான் கொல்கிறது. ஆகவே ஒரே நாள் உப்பில் முக்கினால் நோய் தீராது. உயிரியின் ஒரு சுற்று முடியும்வரை நீரில் உப்பு நிற்க வேண்டும். வெப்பத் தொட்டியில் அந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த நீரில் பல வாரம் இழுக்கும். பண்ணையின் சில நிமிட முக்கல், வீட்டுத் தொட்டியில் பல நாள் ஊறலாக மாறியதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பல நாள் என்பது எந்நாளும் என்றானதற்குக் குட்டியிடும் மீன்கள் காரணம். கப்பி, பிளாட்டி, சோர்டெயில், மோலி ஆகியவை இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வீட்டுத் தொட்டிகளை நிறைத்தன. மோலி நன்னீர் மீன்களோடு விற்கப்பட்டாலும் மெக்சிகோ வளைகுடாக் கரையின் கழிமுகங்களிலும் உவர் நீரிலும், கடலிலும்கூட வாழ்வது. உப்பும் கடினத்தன்மையும் குறைந்த நீரில் அது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடும், உப்பிட்டால் தெளியும். தென்னிந்திய, இலங்கைக் கழிகளின் குரோமைடு மீன்களும் இதே வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு உப்பு மருந்தல்ல. அவை பிறந்த நீரின் இயல்பு. ஆனால் மோலிக்கு நல்லது எல்லா மீனுக்கும் நல்லது என்று வளர்ப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து கேலனுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அமெரிக்க அளவு, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம், தொட்டியில் எந்த மீன் இருக்கிறது என்று கேட்காமலே பின்பற்றப்பட்டது. 1936இல் மேல் அமேசானிலிருந்து நியான் டெட்ரா வந்தது. மழைநீருக்கு நெருக்கமான மென்னீரில் பிறந்த அந்த மீனுக்கும் அதே கரண்டிதான் விழுந்தது.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை உடலியல் அறிஞர்கள் சொல்லத் தொடங்கியதும் அதே முப்பதுகளில்தான். நன்னீர் மீனின் குருதி ஏறத்தாழ லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள கரைசலுக்கு ஒப்பானது. சுற்றியுள்ள நீரில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். எனவே சவ்வூடு பரவலால் நீர் ஓயாமல் உடலுக்குள் புகுகிறது; உப்பு வெளியே கசிகிறது. மீன் நீர்த்த சிறுநீரை இடைவிடாது வெளியேற்றி ஈடுகட்டுகிறது. அமெரிக்காவின் ஹோமர் ஸ்மித் 1930இல் மீன்களின் நீர்ச் சமநிலையை ஆராய்ந்தார். டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக், நன்னீர் மீன் மிக நீர்த்த கரைசலிலிருந்தும் உப்பை உழைத்து உறிஞ்சுகிறது என்று நிறுவி, 1939இல் இத்துறைக்கு அடிப்படையான நூலை எழுதினார். நலமான மீனுக்கு இந்த உழைப்பு இயல்பானது, சுமையல்ல. புண்பட்ட மீனின் நிலை வேறு. செதிலும் சளிப்படலமும் கிழிந்த இடமெல்லாம் கசிவாகிறது. நீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு இருந்தால் உள்ளுக்கும் வெளிக்குமான வேறுபாடு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, கசிவும் குறைகிறது. மீன்களைப் பையில் அடைத்துத் தொலைவுக்கு அனுப்பும்போது நீரில் சிறிது உப்பு சேர்ப்பதும் இதனால்தான். வலையில் அடிபட்டுப் பெட்டியில் குலுங்கி வரும் மீனுக்கு அது மெய்யான உதவி.

உப்பின் புகழுக்கு இன்னொரு காரணம் இருந்தது. அது நெடுநாள் யார் கண்ணிலும் படவில்லை. மீன் கழிக்கும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மண்ணில் நடக்கும் இந்த வேலையை ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890 அளவிலேயே விளக்கிவிட்டார். ஆனால் தொட்டி வளர்ப்பவர்களிடம் அந்த அறிவு பரவலாக வந்து சேர ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின. புதுத் தொட்டியில் இரண்டாம் வகை நுண்ணுயிர் பெருகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை நைட்ரைட் தேங்கும். மீனின் செவுள், குளோரைடை உறிஞ்சும் அதே வழியில் நைட்ரைட்டையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது குருதியின் ஹீமோகுளோபினை மெத்தமோகுளோபினாக மாற்றுகிறது, குருதி பழுப்பாகிறது, ஆக்சிஜன் நிறைந்த நீரிலேயே மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. உப்பிலிருந்து வரும் குளோரைடு நீரில் மிகுந்தால் செவுளின் அந்த வாயிலில் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை.

எழுபதுகளில், குறிப்பாக 1977இல் வெளியான சால்மன் ஆய்வுகளில், குளோரைடின் இந்தக் காப்பு தெளிவாக நிறுவப்பட்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கெளுத்திப் பண்ணையாளர்கள் குளத்து நீரில் குளோரைடை லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் வைத்துக்கொள்ளும் முறை இதிலிருந்து வந்தது. அதற்கு லிட்டருக்கு 165 மில்லிகிராம் உப்பே போதும்; பழைய கரண்டிக் கணக்கில் இது ஆறில் ஒரு பங்கு. உப்பிட்ட தொட்டியில் மீன் சாவதில்லை என்று மூன்று தலைமுறை வளர்ப்பாளர்கள் சொன்னது வெறும் நம்பிக்கையல்ல. அவர்கள் கண்டது உண்மை. காரணம் மட்டும் அவர்களுக்கு எட்டாமல் இருந்தது. இரு வகை நுண்ணுயிரும் குடியேறி உயிர் வடிகட்டி நிலைபெற்ற, வாராவாரம் நீர் மாற்றும் தொட்டியில் நைட்ரைட் தேங்குவதில்லை. எனவே அந்தக் காரணமும் அங்கே இல்லை.

பழக்கத்தோடு சில பிழைகளும் ஒட்டிக்கொண்டன. அறுபதுகளில் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்கள் சந்தைக்கு வந்தபோது அவற்றுக்கும் கல்லுப்பு பரிந்துரைக்கப்பட்டது. அந்த ஏரிகளின் நீர் காரத்தன்மை உடையதுதான், ஆனால் உவர்ப்பானதல்ல. மலாவியில் கரைந்துள்ள எல்லாவற்றையும் கூட்டினாலும் லிட்டருக்குக் கால் கிராமைத் தாண்டாது. அதிலும் பெரும்பங்கு பைகார்பனேட்டுகள். சமையலுப்பு அந்த நீரை உருவாக்காது. அயோடின் கலந்த உப்பு மீனைக் கொல்லும் என்ற அச்சமும் இன்றுவரை தொடர்கிறது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பை லிட்டருக்கு 1 கிராம் இட்டால் நீரில் சேரும் அயோடின் 0.03 மில்லிகிராம். கடல்நீரில் இயல்பாகவே அதைப் போல இரு மடங்கு உண்டு. எதுவும் கலவாத கல்லுப்பு இருந்தால் அதையே எடுப்பது நல்லது. இல்லாதபோது தூளுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இன்று பரவலாக ஏற்கப்படும் முறை, பழைய பண்ணைக்காரர்களின் முறைக்கே ஏறக்குறையத் திரும்பியிருக்கிறது: தேவை வரும்போது இடுவது, தேவை தீர்ந்ததும் எடுப்பது. வெண்புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். அதை ஒரே மூச்சில் கொட்டாமல் தனியே நீரில் கரைத்து இரண்டு நாளில் பகிர்ந்து ஊற்றி, வெப்பத்தை மெல்ல 30 பாகை செல்சியஸ் வரை உயர்த்துகிறார்கள். வெப்பம் ஏறிய நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றுக் குழாயும் வேண்டும். பூஞ்சைக்கும் புற ஒட்டுண்ணிகளுக்கும் தனிப் பாத்திரத்தில் லிட்டருக்கு 10 கிராம் வரை சில நிமிடங்கள். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். தங்கமீனும் குட்டியிடும் மீன்களும் தாங்கும் அளவை கோரிடோராஸ் போன்ற மென்னீர் மீன்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. அவற்றுக்கு மிகக் குறைந்த அளவிலேயே தொடங்க வேண்டும். தொட்டிச் செடிகளுள் பல 3 கிராமில் கருகும். அதனால் செடியுள்ள தொட்டியின் நோயாளி மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுவதே முறை.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. வடிகட்டியும் கரியும் அதைப் பிடிப்பதில்லை. குறைந்த நீரை ஈடு செய்ய ஊற்றும்போதெல்லாம் புதிதாக உப்பும் சேர்ப்பவரின் தொட்டி, அவர் அறியாமலே மாதந்தோறும் உவர்ப்பேறும். ஆவியான அளவுக்கு வெறும் நன்னீரே போதும். உப்பை வெளியேற்றும் ஒரே வழி நீர் மாற்றுவது. நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் லிட்டருக்கு 3 கிராமாக இருந்த உப்பு 2.25 ஆகும், அடுத்த மாற்றத்தில் 1.7 ஆகும். இப்படி ஐந்தாறு மாற்றங்களில், மீனின் உடல் பழகப் போதிய நாள் இடைவெளியோடு, தொட்டி மீண்டும் நன்னீராகும்.