கரடிக்கு வெச்ச விருந்து

"சிவபூஜையில கரடி புகுந்த மாதிரி"ன்னு ஒரு பழமொழி நம்ம ஊர்ல ரொம்பப் பிரபலம். அந்தக் கரடி நிஜக் கரடி இல்லை, கரடிகைன்னு ஒரு பறை வாத்தியம், அதைத்தான் சொல்றாங்கன்னு விளக்கம் கொடுக்கறவங்க உண்டு. மயிலாப்பூர்ல உட்கார்ந்துகிட்டு யோசிச்சா அந்த விளக்கம் நியாயமாத்தான் படும். கபாலீஸ்வரர் கோயில் பக்கம் கரடி எங்கே வரப்போகுது? ஆனா குன்னூர், கோத்தகிரி பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க. நிஜக் கரடியே கோயில் கதவை உடைச்சு உள்ளே வந்து விளக்கு எண்ணெயைக் குடிச்சுட்டுப் போகும். பூஜை நேரம்தான் கொஞ்சம் மாறும், அர்த்தஜாமத்துக்கும் அப்புறம் :-)

இந்த எண்ணெய் விஷயத்தைப் படிக்கப் போய்த்தான், கரடியைச் சாப்பாடு காட்டி வரவழைக்கறதுக்கு ஒரு பெரிய சரித்திரமே இருக்குன்னு தெரிஞ்சுது. அதைத்தான் இங்கே எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல நம்ம ஊர்க் கரடியைப் பத்தி. கறுப்பா, சடைமுடியோட, நெஞ்சுல வெள்ளையா ஒரு வளைவோட இருக்கும். 1791ல ஜார்ஜ் ஷான்னு ஒரு ஆங்கிலேய விலங்கியலாளர் இதோட நீள நகத்தைப் பார்த்துட்டு, தென்னமெரிக்காவுல மரத்துல தொங்குற ஸ்லாத்ங்கற பிராணியோட சொந்தம்னு நினைச்சுப் பேர் வெச்சுட்டார். தப்புன்னு அப்புறம் தெரிஞ்சாலும், ஸ்லாத் பியர்ங்கற பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. இதோட முக்கியமான சாப்பாடு கரையான், எறும்பு, தேன், பழம். மேல்வரிசையில நடு முன்பல் ரெண்டு கிடையாது. அந்த இடைவெளியில உதட்டைக் குவிச்சு, கரையானை வேக்குவம் கிளீனர் மாதிரி உறிஞ்சி எடுக்கும். அந்த சத்தம் தூரத்துக்குக் கேட்குமாம்.

சங்கப் பாடல்கள்ல கரடிக்கு எண்குன்னு பேர். அது புற்றைத் தோண்டுற காட்சியும், உதிர்ந்து கிடக்கிற இருப்பைப் பூவைத் தின்கிற காட்சியும் அங்கே இருக்கு. இருப்பைன்னா நம்ம இலுப்பை. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை"ன்னு சொல்றோமே, அதே இலுப்பை. அவ்வளவு தித்திப்பான பூ. அதாவது இந்த மிருகத்துக்கு இனிப்புன்னா உயிருங்கறது நம்மாளுங்களுக்கு 2000 வருஷம் முன்னாடியே தெரியும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மிச்சக் கதை முழுக்க இதுலதான் ஓடுது.

இப்ப கொஞ்சம் அமெரிக்கா, கனடா பக்கம் போயிட்டு வருவோம். அங்கே இருக்கிற கறுங்கரடி குளிர்காலம் முழுக்கக் குகையில சுருண்டு கிடந்துட்டு, வசந்த காலத்துல அகோரப் பசியோட வெளியே வரும். அடர்ந்த காட்டுல அதைத் தேடிப் போய்ச் சுடறது லேசு இல்லை. அதனால ஒரு இரும்பு பீப்பாயில பழைய ரொட்டி, டோனட், மீன், சமையல் கொழுப்புன்னு போட்டு நடுக்காட்டுல வெச்சுடுவாங்க. கரடி வந்து பழகற வரைக்கும் நாள்கணக்குல தீனி போடுவாங்க. அப்புறம் ஒருநாள் வேட்டைக்காரர் பக்கத்து மரத்துல மேடை கட்டி உட்காருவார். கரடி வரும். கதை முடிஞ்சது.

இதுக்கு அங்கே ரெண்டு கட்சி. "இது வேட்டையா? ஓட்டல்ல சாப்பிடறவனைச் சுடற மாதிரி இல்லையா?"ன்னு ஒரு கட்சி. அது மட்டும் இல்லை, வசந்த காலத்துல தாய்க்கரடிங்க பால்குடி மறக்காத குட்டியோட திரியும். தாயைச் சுட்டா குட்டியும் போச்சு. அடுத்த கட்சி சொல்றதும் சும்மா தள்ளிவிடற மாதிரி இல்லை. தீனிக்கு வர்ற கரடியை நிதானமாப் பார்க்கலாம், ஆணா பெண்ணா, குட்டி இருக்கான்னு பார்த்து, ஒரே குண்டுல வலி இல்லாம முடிக்கலாம்னு அவங்க வாதம். கொலராடோ மாநிலத்துல 1992ல இதை மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டாங்க. வசந்த கால வேட்டை, தீனி, நாய் மூணுக்கும் தடை வந்தது. மெய்ன் மாநிலத்துல 2004லயும் 2014லயும் இதே மாதிரி வாக்கெடுப்பு நடந்து, ரெண்டு தடவையும் தீனி கட்சி ஜெயிச்சது. கனடாவோட ஒன்டாரியோ மாகாணம் 1999ல வசந்த கால வேட்டையை நிறுத்திட்டு, 2014ல சோதனை முயற்சியா மறுபடி ஆரம்பிச்சு, 2021ல நிரந்தரமாவே கொண்டு வந்துடுச்சு. அங்கே இன்னும் சண்டை ஓயலை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே வெள்ளைக்காரன் காலத்துல இரை வைக்கிறதுன்னா பெரும்பாலும் புலிக்கும் சிறுத்தைக்கும்தான். ஒரு எருமைக் கன்னுக்குட்டியையோ ஆட்டையோ காட்டுல கட்டிப் போட்டுட்டு, மரத்து மேல பரண் கட்டி ராத்திரி முழுக்கக் காத்திருப்பாங்க. (பரணுக்கு இங்கிலீஷ் வேட்டைப் புத்தகங்கள்ல 'மச்சான்'னுதான் போட்டிருக்கும். "நான் மச்சான் மேல் ஏறி உட்கார்ந்தேன்"னு படிச்சா நமக்குச் சிரிப்பு வராம என்ன செய்யும்?)

கரடிக்கு அந்த மாதிரி எதையும் கட்ட வேண்டியதில்லை. இரையை மரமே போட்டுடுது! பங்குனி, சித்திரையில இலுப்பைப் பூ உதிரும். ராத்திரியில பூ தின்ன கரடி வந்தே தீரும். மத்திய இந்தியாவுல வெள்ளைக்கார துரைங்க இந்த மாதிரி மரத்தடியில காத்திருந்து சுட்டிருக்காங்க. இல்லைன்னா, வயிறு முட்டத் தின்னுட்டு விடியற்காலையில குகைக்குத் திரும்புற வழியில மறைஞ்சிருந்து சுட்டிருக்காங்க. நம்ம ஊரோட வசந்த காலக் கரடி வேட்டை இதுதான். அமெரிக்காவுல பீப்பாய், இங்கே பூ. ஃபார்முலா ஒண்ணுதான்.

கரடிக்குப் பரிஞ்சு பேச அப்ப யாரும் இல்லை. நீலகிரியில 1877ல வேட்டைக்காரங்களே சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சு, 1879ல வேட்டைப் பிராணிகளையும் மீனையும் பாதுகாக்க ஒரு சட்டமே வந்தது. ஆனா அதோட நோக்கம், சுடறதுக்கு மான், வரையாடு எல்லாம் மிச்சம் இருக்கணும்ங்கறதுதான். இன்னொரு பக்கம், ஆபத்தான மிருகம்னு அரசாங்கம் வருஷா வருஷம் போட்ட பட்டியல்ல புலி, சிறுத்தை, ஓநாயோட கரடியும் இருந்தது. கொன்னா வெகுமதி. 1875லேருந்து 1925 வரைக்கும் 80,000க்கு மேல புலிங்க கொல்லப்பட்டிருக்கும்னு வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் கணக்கு சொல்றார். அந்த மாதிரி ஒரு காலம் அது.

இந்தப் பக்கத்து வேட்டைக் கதைன்னா கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பேர் இல்லாம முடியாது. பெங்களூர்வாசி. ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைன்னு இன்னிக்குக் கிருஷ்ணகிரி மாவட்டமா இருக்கிற காடெல்லாம் அவர் காலத்துல சேலம் ஜில்லா. அந்தக் காட்டை உள்ளங்கை மாதிரி தெரிஞ்சு வெச்சிருந்தவர். அவர் 1957ல வெளியிட்ட புத்தகத்துல ஒரு கரடிக் கதை வருது. அரசிகெரே பக்கத்து மலையில இருந்த ஒரு கரடி குறைஞ்சது 12 பேரைக் கொன்னு, 24 பேர் வரைக்கும் முகத்தைக் கிழிச்சுக் குதறிடுச்சு. அங்கே ஒரு தர்காவைப் பார்த்துக்கிட்டிருந்த பெரியவரோட மகனும் அதுக்குப் பலி. அவர் ஆண்டர்சனோட நண்பர். அதனாலதான் இவர் துப்பாக்கியைத் தூக்கிட்டுக் கிளம்பறார்.

அந்தக் கரடி ஜனங்க பக்கம் ஏன் வந்ததுன்னு பார்த்தா, அத்திப்பழமும் வேர்க்கடலைக் காடும்! ஆண்டர்சன் கட்டின இரை இல்லை. ஜனங்க தங்க பாட்டுக்கு விவசாயம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, அதுவே இரை ஆயிடுச்சு. இந்தக் கரடியைப் பத்தி அந்த ஊர்ல ஏகப்பட்ட கதை. அது ஒரு பொண்ணைத் தூக்கிட்டுப் போச்சுன்னு ஒரு கதை. குட்டியை மனுஷங்க திருடினதால பழி வாங்குதுன்னு இன்னொண்ணு. (கரடி விடறதுன்னு சும்மாவா சொன்னாங்க!) எப்பவோ மனுஷன் கையால காயம்பட்ட கரடியா இருக்கலாம்னு சொல்றவங்க பக்கம்தான் எனக்கு நம்பிக்கை. ஆண்டர்சன் கடைசியில அதைச் சுட்டுட்டார்.

இதுக்கு நேர் எதிரா ஒருத்தரைச் சொல்லணும். நம்ம மயிலாப்பூர்க்காரர். மா. கிருஷ்ணன் (1912-1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதின அ. மாதவையாவோட மகன். எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, அதாவது இன்னிக்கு ராதாகிருஷ்ணன் சாலையில குடியிருந்தார். ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையில 1950லேருந்து சாகற வரைக்கும், 46 வருஷம், காட்டுயிர் பத்தி ஒரு பத்தி எழுதினவர். அவரும் காட்டுல மணிக்கணக்காக் காத்திருந்தார். கையில துப்பாக்கிக்கு பதிலா, அவரே பாகம் பாகமாச் சேர்த்துக் கட்டின ஒரு கேமரா. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். மிருகம் அதோட வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது எடுத்த படங்கள். சிட்டி சென்டர் வந்த அந்த ரோட்டுல இப்படி ஒருத்தர் இருந்தார்னு அங்கே சிக்னல்ல நிக்கறவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி. கரடி இன்னிக்கு முதல் அட்டவணையில, புலி, யானைக்கு சமமா இருக்கு. பரண் எல்லாம் இறங்கியாச்சு. அப்ப இரை வைக்கிறதும் நின்னுடுச்சான்னா, இல்லீங்க. இன்னிக்கும் மூணு விதமா நடக்குது.

முதல் விதம், அவுட்டுக்காய். காட்டுப்பன்னியைக் கொல்றதுக்காக நாட்டு வெடியைத் தின்பண்டத்துக்குள்ள பொதிஞ்சு காட்டோரமாப் போடறது. சத்தியமங்கலம், கோயமுத்தூர் பக்கத்துப் பேப்பர்ல அடிக்கடி பார்க்கற வார்த்தை. பன்னிக்கு வெச்சதைப் பன்னிதான் கடிக்கணும்னு எழுதியா வெச்சிருக்கு? 2020 மே மாசம் கேரளாவுல பாலக்காடு மாவட்டத்துல ஒரு கர்ப்பிணி யானை, வாய் சிதைஞ்சு, வெள்ளியாறு ஆத்துத் தண்ணியில நின்னபடியே செத்துப்போனது ஞாபகம் இருக்கும். பரண்ல உட்கார்ந்தவனாவது என்ன வருதுன்னு பார்த்துட்டுச் சுட்டான். அவுட்டுக்காய்க்குக் கண்ணே கிடையாது. இரை வேட்டையிலேயே கேவலமானது எதுன்னு என்னைக் கேட்டா, இதைத்தான் சொல்வேன்.

ரெண்டாவது விதம், தரோஜி. கர்நாடகாவுல ஹம்பி பக்கத்துல 1994ல கரடிக்குன்னே தொடங்கின சரணாலயம். அங்கே வனத்துறை ஆளுங்க பாறை மேல வெல்லப்பாகைத் தடவி வைப்பாங்க. சாயங்காலம் கரடிங்க குட்டியை முதுகுல சுமந்துகிட்டு வந்து நக்கும். எதிர்ல இருக்கிற கோபுரத்துலேருந்து ஜனங்க பைனாகுலர்ல பார்ப்பாங்க. துப்பாக்கி இடத்துல கேமரா வந்திருக்கு, நல்ல விஷயம்தான். ஆனாலும் டெக்னிக் அதே பழைய டெக்னிக்தான்.

மூணாவதுதான் முதல்ல சொன்ன நீலகிரி. இதை யாரும் இரைன்னு நினைச்சு வைக்கலை. கோயில்ல எண்ணெய், சத்துணவுக்கூடத்துல பருப்பு, ரேஷன் கடையில சர்க்கரை, பேக்கரி வாசல்ல குப்பைத்தொட்டி, டூரிஸ்ட் தூக்கிப் போட்ட கேக் கவர். கம்ப்யூட்டர் பாதுகாப்புல 'ஹனிபாட்'னு ஒண்ணு உண்டு. திருட வர்றவனை இழுக்கறதுக்காகவே வேணும்னு திறந்து வைக்கிற போலி சர்வர். தமிழ்ல சொன்னா தேன்பானை. நீலகிரியில ஊர் ஊரா நிஜத் தேன்பானையைத் திறந்து வெச்சுட்டு, "ஐயோ கரடி உள்ளே வந்துடுச்சே"ன்னு அலறிக்கிட்டு இருக்கோம். அப்புறம் வனத்துறை கூண்டு கொண்டாந்து, அதுக்குள்ள பழத்தையும் தேனையும் வைக்கும். வந்ததும் இரையால, பிடிபடறதும் இரையால!

இந்த மூணுலயும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு. பீப்பாய் டோனட்டோ, வெல்லப்பாகோ, விளக்கெண்ணெயோ, ஒவ்வொரு தடவையும் கரடி ஒரே பாடத்தைத்தான் கத்துக்குது: 'மனுஷ வாசனை அடிக்கிற இடத்துல சாப்பாடு இருக்கும்.' காட்டுல நாள் முழுக்கப் புற்றைத் தோண்டினாக் கிடைக்கிறதை, இங்கே அஞ்சு நிமிஷத்துல நக்கிடலாம். எந்தக் கரடிதான் வேண்டாம்னு சொல்லும்? குட்டியும் அம்மா முதுகுல இருந்தபடியே அதைப் பார்த்துக் கத்துக்கும். தீனி பழகின கரடி செத்த கரடிதான்னு அமெரிக்க வனத்துறையில ஒரு வாசகமே வெச்சிருக்காங்க.

கரடிக்கு மட்டும் இல்லை, நமக்கும் அதுல ஆபத்து இருக்கு. நம்ம கரடி நம்மளை வேட்டையாட வர்றதில்லை. அதுக்குக் கண்ணும் காதும் சுமார்தான். திடீர்னு பக்கத்துல ஆளைப் பார்த்தா பயந்துபோய்ப் பாயும், பாய்ஞ்சா முகத்தைத்தான் குறி வைக்கும். 2022 நவம்பர்ல தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்துல ஒரே கரடி மூணு பேரைக் கடிச்சுக் குதறினது செய்திகள்ல வந்தது. விடியற்காலையில தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போற அம்மாவும், ராத்திரி சைக்கிள்ல வீடு திரும்புற ஐயாவும்தான் கரடி எதிர்ல வந்து நிக்கறாங்க. கேக் கவரைத் தூக்கிப் போட்ட டூரிஸ்ட் அதுக்குள்ள தி.நகர்ல துணி எடுத்துக்கிட்டு இருப்பார்.

அதனால அடுத்த தடவை ஊட்டி, கோத்தகிரின்னு கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். சாப்பிட்ட மிச்சத்தை ஒரு பையில கட்டி வண்டியிலயே வெச்சு, மேட்டுப்பாளையம் இறங்கினப்புறம் போடுங்க. ஊர்க்காரங்க தரப்புல மூடி போட்ட குப்பைத்தொட்டி, எண்ணெயைப் பூட்டி வைக்க ஒரு இரும்புப் பெட்டி, இவ்வளவு இருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும். துப்பாக்கியைச் சட்டம் போட்டு இறக்க நமக்கு 1972 வரைக்கும் ஆச்சு. இந்த இரையை எடுக்கறதுக்குச் சட்டம்கூட வேண்டாம், ஒரு மூடி போதும்.