மணிமேடையும் மராமத்தும்

நாகர்கோவில் நகரின் நடுவே நிற்கும் மணிமேடை 1893-இல் திறக்கப்பட்டது. லண்டன் மிஷனைச் சேர்ந்த டதி பாதிரியார், திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்குப் பரிசளித்த கடிகாரம் அதில் ஏறியது. மன்னரும் ஊராரும் பணம் போட்டுக் கோபுரம் எழுப்பினார்கள். இங்கிலாந்தின் டெர்பியில் செய்த அந்தக் கடிகாரம் சங்கிலியில் தொங்கும் எடைக்கட்டிகளின் இழுப்பில் ஓடுவது. எடை கீழே இறங்கிவிட்டால் யாராவது மேலே ஏறிச் சாவி கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் முள் நின்றுவிடும். ஆகவே அதைக் கட்டும்போதே அதற்கென்று ஓர் ஆளையும் நினைத்தாக வேண்டியிருந்தது. நாகர்கோவிலின் குழாயும் ஓடையும் சாலையும் இன்று படும் பாட்டுக்குக் காரணம், அந்த இரண்டாவது நினைப்பு திட்டங்களிலிருந்து கழன்று போனதுதான் என்பது என் வாதம்.

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டுக்கு இது புதுப் பாடம் அல்ல. பறளியாற்று நீரைப் பழையாற்றுக்குத் திருப்பிய பாண்டியன் கால் என்னும் வாய்க்கால் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை அந்தப் பழைய ஏற்பாட்டின் மேல்தான் அமைந்தது. கன்னிப்பூ சாகுபடிக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறப்பதற்குள் வாய்க்கால்களில் தூர் வாரி, மடைகளைச் சரிபார்த்து, உடைந்த கரையை அடைத்தாக வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் கடைமடை வயல் காயும். திருவிதாங்கூரில் பொதுப்பணிகளுக்கான துறைக்கே ஒரு காலத்தில் மராமத்து, அதாவது பழுதுபார்ப்பு, என்று பெயர் இருந்தது. இதைச் சொன்னதும் நியாயமான ஒரு மறுப்பு எழும்: அந்த மராமத்துக்கு உடல் கொடுத்தது யார்? திருவிதாங்கூரில் கூலியில்லா ஊழியம் ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலையில்தான் விழுந்தது. அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனமே 1855-இல்தான் வந்தது. அந்தக் காலத்தை மீட்டு வரச் சொல்பவரோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் கட்டாய உழைப்பை ஒழித்த அரசு, அந்த இடத்தில் சம்பளம் வாங்கும் நிரந்தர ஆட்களைப் போதுமான அளவு வைத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. சாக்கடை அள்ளும் வேலை இன்றும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம்தான் கிடக்கிறது, ஒப்பந்தக் கூலி என்ற பெயரில்.

நகருக்குள் வருவோம். மலையடிவாரத்து முக்கடல் அணை சமஸ்தானக் காலத்தில் நகரின் குடிநீருக்கென்றே கட்டப்பட்டது. தண்ணீர் கிருஷ்ணன்கோவில் சுத்திகரிப்பு நிலையம் வந்து வீடுகளுக்குப் போகிறது. அணையின் உயரம் 25 அடி. கோடையில் நாளிதழின் அணை நிலவரப் பத்தியில் அது மைனஸ் கணக்கில் வருவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். 2011 கணக்கெடுப்பில் இரண்டே கால் லட்சம் மக்கள் இருந்த, 2019-இல் மாநகராட்சி ஆன ஊருக்கு அந்த அணை போதாது என்பதில் சந்தேகமே இல்லை. புத்தன் அணைக் குடிநீர்த் திட்டமும் பாதாள சாக்கடைத் திட்டமும் தேவைப்பட்டே வந்தன. பழசைப் பேணினால் போதும், புதுசு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் புதுசு வரும்போது பராமரிப்பு வேலை குறைவதில்லை, கூடுகிறது. குழாய்க்கு ஒரு முறை, சாக்கடைக்கு ஒரு முறை என்று தோண்டிய சாலையில் மண்ணைத் தள்ளி மேலே தார் ஊற்றினால், முதல் மழையிலேயே அது உள்வாங்கும். நிலத்தடியில் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்ற வரைபடம் அலுவலகத்தில் இருக்க வேண்டியது. பணி ஓய்வு பெறும் ஊழியரின் நினைவில் மட்டும் இருந்தால் அவரோடு அதுவும் போய்விடும். ஓடைமேல் போட்ட கான்கிரீட் சிலாப்பும் அப்படித்தான். கடைக்காரர் அதைப் படியாக்கிவிட்டால் தூர் வார வருபவர் உடைத்துத்தான் உள்ளே பார்க்க முடியும்; வாரிய சகதியை அன்றே அள்ளாமல் ஓரத்தில் குவித்து வைத்தால் அடுத்த மழை அதைத் திரும்ப ஓடைக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது.

பணம் எங்கே என்பார்கள். கட்டுவதற்கு மத்திய, மாநில அரசுகளின் திட்ட நிதி வருகிறது; பேணுவதற்குப் பெரும்பாலும் மாநகராட்சி தன் வரி வருமானத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ரிப்பன் வெட்ட முடியாத செலவு என்பதால் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. ஆனால் இங்கே அதை வெட்ட முடியாது; குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை உண்டு. சென்னை ஐப்பசிக்கு முன் ஒரு தடவை ஓடையை வாரினால் சமாளிக்கலாம். நாகர்கோவிலின் கோட்டாறு கம்போளச் சந்தை ஓடைக்கு, இடவப்பாதி என்னும் தென்மேற்கு மழைக்கு முன் சித்திரையில் ஒரு தடவை, வடகிழக்கு மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு தடவை வேண்டும். அதற்கான ஆட்களின் சம்பளமும் இயந்திரமும் புதுத் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே, சிமெண்டுக்கும் கம்பிக்கும் பக்கத்து வரியில், குறைந்தது பத்து ஆண்டுக் கணக்காக எழுதப்பட வேண்டும். எந்தத் தெரு ஓடை எந்த வாரம் என்ற பட்டியல் ஒவ்வொரு வார்டிலும் சித்திரை பிறப்பதற்கு முன் ஒட்டப்பட வேண்டும்.