துணைப்பாத்திரமும் கைரேகையும்

கதை எழுத வரும் தோழர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: துணைப்பாத்திரத்தை எப்படி வளர்த்தெடுப்பது? ஒரு மச்சம், ஒரு திக்குவாய், ரெண்டு வரி பூர்வீகம் சேர்த்துவிட்டால் ஆள் உயிர்பெற்றுவிடுவார் என்றொரு நம்பிக்கை. இதை வெறும் உத்திப் பிரச்சினையாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. யார் முதன்மை, யார் துணை என்பதை எழுத்தாளர் பேனாவைத் தொடுவதற்கு முன்பே சமூகம் தீர்மானித்து வைத்திருக்கிறது.

பி. ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. அதில் ரெண்டு துணைப்பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை, தமிழ்ப் பண்டிதர். பேயாண்டித் தேவன், கொள்ளைக்காரர். பண்டிதர் கதை நகர்வுக்குப் பெரிதாகத் தேவைப்படாதவர். ஆனாலும் தன் புலமையும் அசட்டுத்தனமுமாகப் பிரதியில் இடம்பிடித்து உட்கார்ந்துகொள்கிறார். ஆங்கிலக் கல்வி பெற்ற பட்டதாரி தமிழ்ப் பண்டிதரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அது கொஞ்சம் சுடத்தான் செய்கிறது. என்றாலும் பழகிய ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பேயாண்டித் தேவனும் சுவாரஸ்யமான ஆள்தான். ஆனால் கதைக்கு அவர் வேண்டியிருப்பது கொள்ளைக்காகத்தான். சாதி, தொழில், குணம் மூன்றும் ஒரே பெயரில் முடிச்சுப்போடப்பட்டுவிடுகின்றன.

1927இல் இ. எம். ஃபார்ஸ்டர் பாத்திரங்களைத் தட்டை, முழுமை என்று பிரித்தார். தட்டைப் பாத்திரத்தை ஒற்றை வாக்கியத்தில் சொல்லிவிடலாம்; எப்போது வந்தாலும் உடனே அடையாளம் தெரியும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் போலீஸ் பதிவேடுதான் ஞாபகம் வருகிறது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. முழுச் சமூகங்களை ஒற்றை வாக்கியமாக எழுதிக் கீழே கைரேகை வாங்கியது. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். ராஜமய்யர்தான் சட்டத்துக்கு வழிவிட்டார் என்று சொன்னால் அபத்தம். கதையாடலுக்கும் காவல்துறைக்கும் பொதுவானதொரு பார்வை இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

1979இல் பூமணியின் 'பிறகு' வந்தது. ஊருக்குச் செருப்பும் கமலைக்குத் தோலும் தைக்கிற அழகிரி, அதுவரை பெரும்பாலான கிராமத்துக் கதைகளில் முற்றத்தோரம் நின்று கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிற ஆள். பூமணி அவர் பின்னாலேயே அவர் வீட்டுக்குப் போனார். முழக்கம் எதையும் அவர் வாயில் திணிக்கவில்லை. வேலையையும் அந்த வேலை உண்டாக்கும் உறவுகளையும் எழுதினார். தைக்கிற கை நின்றால் கமலை நிற்கும், பயிர் காயும். ஓரத்தில் நிற்கிறவர் மேல்தான் மையமே நிற்கிறது.

அதோடு கணக்கு முடிந்ததா? 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. ஆரோக்கியம் புதிரை வண்ணார் பெண். தலித் குடியிருப்பில் துணி வெளுத்துச் சோறு எடுப்பவர். வேறு நாவல்களில் விளிம்பில் நிற்கிறவர்கள் இங்கே படியளக்கிறவர்கள். ஒடுக்கப்பட்டவர்களை இப்படிக் காட்டலாமா என்று கடுமையான விவாதம் எழுந்தது. அந்தக் கோபத்தை நான் உதறித்தள்ளவில்லை. ஆனால் விளிம்பு என்பது நிலையான இடமல்ல, ஓர் உறவு. ஒருவர் மையத்துக்கு வந்ததும் அவர் பக்கத்தில் புதிதாக ஒருவர் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்.

நம் இயக்கக் கதைகளைப் பாருங்கள். பண்ணையாரும் போலீஸ்காரரும் ஒற்றை வாக்கியமாக வந்து போகிறார்கள். கூட்டத்துக்கு டீ போட்டுத் தருகிற தோழரின் மனைவிக்குப் பெயர்கூட இல்லை. பழைய பதிவேட்டைத்தான் நாமும் பராமரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மச்சத்தைத் தேட வேண்டாம். கதாநாயகன் கூப்பிடாமலிருந்தால் அந்த ஆள் இன்றைக்கு என்ன வேலையாக இருப்பார்? கூப்பிட்டால், வர முடியாது என்று சொல்ல அவருக்கு நம் கதையில் இடம் உண்டா? ரேகை வைக்க மறுக்கிற அந்த இடத்தில்தான் பாத்திரம் வளரத் தொடங்குகிறது.