இரண்டு சாவிகள்

ஸ்காட்லாந்தில் விஸ்கி வடிசாலைகளைச் சுற்றிப் பார்க்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு, வழிகாட்டியின் பின்னால் வரிசையாக நடந்து, தானியக் கிடங்கு, உலை, தாமிரக் கொப்பரை, பீப்பாய் என்று அவர் காட்டுகிறதற்கெல்லாம் தலையை ஆட்டுகிறார்கள். மனசெல்லாம் கடைசி அறையிலேதான். அங்கேதான் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். கோயிலுக்குப் போனால் பிராகாரத்தைவிட மடைப்பள்ளியின் பேரில் அதிக பக்தி வைக்கிறவர்கள் நம்மிலும் உண்டல்லவா? 1969-ல் கிளென்ஃபிடிக் என்ற வடிசாலை முதன்முதலாக ஒரு வரவேற்புக் கூடம் கட்டி வெளியாருக்குக் கதவைத் திறந்தது. இன்று இது பெரிய யாத்திரையாகவே ஆகிவிட்டது.

விஸ்கியை வாயில் வைத்தறியாதவன் இதைப் பற்றி எழுதலாமா என்று நேயர்கள் கேட்கலாம். யுத்தகளத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் யுத்த சரித்திரங்களில் பாதியை எழுதியிருக்கிறார்கள். தவிரவும், எனக்கு அக்கறை கடைசி அறையில் அல்ல. அதற்கு இரண்டு அறை முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதில்தான்.

அந்தப் பெட்டியிடம் போய்ச் சேருவதற்குள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்லியை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். நம் வீட்டில் குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைக்கக் கேழ்வரகை முளைகட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. முளைத்த தானியத்தைச் சூடு காட்டி உலர்த்துகிறார்கள். சில இடங்களில் இதற்குச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்த 'பீட்' என்ற மக்கிய கரியை எரிக்கிறார்கள். விஸ்கியில் புகை வாடை அடிப்பதன் ரகசியம் அதுதான். பிறகு மாவாக்கி, வெந்நீரில் கரைத்து, தித்திப்புத் தண்ணீரை வடித்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். நம் போலீஸ்காரர் பாஷையில் சொன்னால், அது 'ஊறல்'. ஊறலைத் தாமிரக் கொப்பரையில் இரண்டு தடவை வாலை வடிக்கிறார்கள். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் ஓக் மரப் பீப்பாயில் ஊற்றிக் குறைந்தது மூன்று வருஷம் பூட்டி வைக்கிறார்கள். கேட்க ரொம்பவும் சாதாரணமாக இருக்கிறது. எல்லாப் பெரிய விஷயங்களும் அப்படித்தான்.

கொப்பரையிலிருந்து வடிந்து வரும் சாராயம் பித்தளைச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடுகிறது. எது முதல், எது நடு, எது கடைசி என்று காய்ச்சுகிறவன் கண்ணால் பார்த்து, வெளியிலிருக்கும் கைப்பிடியைத் திருப்பித் திசை மாற்றலாம். ஒரு சொட்டுக்கூடத் தொட முடியாது. பெட்டிக்குப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டின் சாவி காய்ச்சுகிறவனிடம் கிடையாது. சர்க்காரின் ஆப்காரி அதிகாரியிடம் இருந்தது. பீப்பாய்க் கிடங்குக்கோ இரண்டு பூட்டு. ஒரு சாவி முதலாளியிடம், இன்னொன்று ஆப்காரி அதிகாரியிடம். இருவரும் கூடி வந்தால்தான் கதவு திறக்கும். தர்மகர்த்தாவும் தேவஸ்தான அதிகாரியும் சேர்ந்து நின்று உண்டியல் திறக்கிறார்களே, அதே ஏற்பாடுதான். 1983-ல்தான் பிரிட்டிஷ் சர்க்கார் அந்த உத்தியோகஸ்தர்களை வடிசாலைகளிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. விஸ்கியின் சரித்திரம் முழுவதும் அந்த இரண்டாவது சாவியின் சரித்திரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1494-ஆம் வருஷத்து அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில், ஜான் கார் என்ற சன்னியாசிக்கு 'உயிர்நீர்' காய்ச்ச எட்டு மூட்டை மால்ட் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. ஸ்காட்லாந்து விஸ்கிக்கு இதுதான் ஜாதகம். காய்ச்சியவர் ஒரு துறவி என்பதையும், அவர் பெயர் நமக்குத் தெரிய வந்தது கணக்கர் புண்ணியத்தால் என்பதையும் கவனிக்க வேண்டும். 1644-ல் முதல் வரி விழுந்தது. 1707-ல் இங்கிலாந்தோடு இணைப்பு. அதற்குப் பிறகு வரி லண்டனிலிருந்து வர ஆரம்பித்தது. 1725-ல் மால்ட் வரியை எதிர்த்துக் கிளாஸ்கோவில் பெரிய கலகமே நடந்தது.

வரி ஏற ஏறக் காய்ச்சுகிறவர்கள் மலைப் பள்ளத்தாக்குகளுக்குள் போய்விட்டார்கள். 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆண்டுக்கு 14,000 திருட்டு வாலைகள் வரை பறிமுதல் ஆயின என்று கணக்குச் சொல்கிறார்கள். சரக்கைச் சவப்பெட்டியில் வைத்துக் கடத்தினார்கள். பாதிரியார்கள் பிரசங்க மேடைக்கு அடியில் ஒளித்து வைத்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் லாரி டியூபில் அடைத்துக் கடத்தியவர்கள் இதைப் படித்தால், தங்களுக்கு ஸ்காட்லாந்தில் பங்காளிகள் உண்டென்று சந்தோஷப்படுவார்கள்.

ஸ்காட்லாந்தின் மகாகவி ராபர்ட் பர்ன்ஸ் 1789 முதல் 1796-ல் சாகிற வரையில் ஆப்காரி உத்தியோகம்தான் பார்த்தார். ஒரு கையால் விஸ்கியைப் புகழ்ந்து கவிதை. மறு கையால் வீடு வீடாகப் புகுந்து வாலை சோதனை! கவிக்கும் வயிறு உண்டு, குடும்பம் உண்டு. பர்ன்ஸை இதற்காக நான் குறை சொல்ல மாட்டேன்.

1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. தமக்குக் கிளென்லிவெட் விஸ்கிதான் வேண்டும் என்றார் மன்னர். கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் அப்போது காய்ச்சியதெல்லாம் கள்ளச் சரக்கு! மன்னரின் சட்டப்படி பிடித்து உடைக்க வேண்டியதை மன்னரே கேட்கிறார். எலிஸபெத் கிராண்ட் என்ற சீமாட்டியின் தகப்பனார் வீட்டுக் கிடங்கிலிருந்து நல்ல பழைய சரக்காக எடுத்து அரண்மனைக்கு அனுப்பினார்கள். பின்னால் அந்தத் தகப்பனாருக்குப் பம்பாய் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி பதவி கிடைத்தது. அந்த விஸ்கியும் கூடவே போன வேட்டைப் பறவைகளும் செய்த உபகாரம் அது என்று மகளே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். கள்ளச் சாராயத்தின் பலனாக நம் நாட்டில் ஒரு நீதிபதி! நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் நம்ப மாட்டார்.

அடுத்த வருஷமே, 1823-ல், சர்க்கார் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தது. வரியைப் பாதிக்கு மேல் குறைத்தது; பத்துப் பவுன் கட்டினால் லைசென்ஸ் என்றது. 1824-ல் கிளென்லிவெட்டில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் முதலில் லைசென்ஸ் எடுத்தார். அக்கம்பக்கத்தார் அவரைத் துரோகி என்று தூற்றினார்கள்; வடிசாலையை அவரோடு சேர்த்துக் கொளுத்திவிடுவதாக மிரட்டினார்கள். பக்கத்து ஜமீன்தார் ஒருவர் கொடுத்த இரண்டு கைத்துப்பாக்கிகளை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவர் தொழில் நடத்தினார். சில வருஷங்களில் மற்றவர்களும் லைசென்ஸுக்கு வந்து விட்டார்கள். மலைக்குள் ஓடிய சாராயம் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தது.

இந்த வித்தையைக் கற்றுக்கொண்ட சர்க்கார் அதைக் கப்பலில் ஏற்றி நம்மிடமும் கொண்டு வந்தது. 1886-ல் சென்னை ஆப்காரிச் சட்டம் பிறந்தது. ஊருக்கு ஊர் காய்ச்சிக்கொண்டிருந்த சாராயம் பெரிய வடிசாலைகளுக்குள் போயிற்று. பனைக்கும் தென்னைக்கும் மர வரி வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு நம்பர் போட்டார்கள். ஸ்காட்லாந்தில் வாலையைப் பூட்டினார்கள். இங்கே மரத்தைப் பூட்ட முடியாது, ஆகையால் எண்ணினார்கள். மாகாணத்தின் வருமானத்தில் சுமார் கால் பங்கு இந்த வழியில் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியாரின் சம்பளத்தில் நாலணா கள்ளுக்கடையிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் நம் சிட்லபாக்கத்துப் பக்கமாகக் கொஞ்சம் திரும்ப வேண்டும். சிட்லபாக்கத்துக்குத் தெற்கே, கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர்க் காட்டை ஒட்டிச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. அதன் மூலவித்து 1837-ல் ஜான் ஆண்டர்ஸன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் போட்ட பள்ளிக்கூடம். அதைக் கல்லூரியாக வளர்த்த வில்லியம் மில்லரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். சரியாக நூறு வருஷம் கழித்து, 1937 ஜனவரியில், சென்னைப் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் கல்லூரி குடிபெயர்ந்தது. திறந்து வைத்தவர் கவர்னர் எர்ஸ்கின் பிரபு. அவரும் ஸ்காட்லாந்தின் பழைய பிரபு வம்சம் ஒன்றைச் சேர்ந்தவர்.

அதே எர்ஸ்கின் பிரபுவின் முன்னால் அதே 1937 ஜூலையில் ராஜாஜி பிரதம மந்திரியாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. ஸ்காட்லாந்துக் கவர்னரின் கையெழுத்தில் கள்ளுக்கடைகள் சாத்தப்பட்டன!

சேலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது ராஜாஜி வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த ஊர். அந்த ஜில்லாவைச் சேர்ந்த திருச்செங்கோட்டில்தான் 1925-ல் அவர் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை வந்தது. முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே நடந்த பத்திரிகை. அதில் ராஜாஜிக்குத் துணையாக இருந்து எழுதியவர் கல்கி என்பதைத் தமிழ்க் கதை வாசகர்கள் மறக்கக் கூடாது. குடிகாரன் வீட்டுப் பெண்பிள்ளையின் கண்ணீரை எழுதி எழுதித்தான் அந்தப் பேனா முறுக்கேறியது.

கடை மூடினால் கண்ணீர் நிற்கும், வருமானமும் நிற்குமே! மரம் ஏறுகிறவர்களைப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சச் சொன்னார்கள். கஜானாவுக்கு என்ன வெல்லம் காய்ச்சுவது? ராஜாஜி 1939-ல் பொது விற்பனை வரி என்று புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தார். இந்தியாவில் அப்படி ஒரு வரி அதற்கு முன் இல்லை. வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். கள் குடிக்காத செட்டியாரின் கடையில் துவரம் பருப்பு வாங்கும் குடும்பம், கள் குடித்தவனின் வரியைக் கட்டலாமா என்று வாதம். ராஜாஜியின் கணக்கு வேறு. ஊரில் நாலு பேர் குடிப்பதால் நடக்கிற சர்க்காரைவிட, எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து நடத்துகிற சர்க்கார் கௌரவமானது என்று அவர் நினைத்தார். அவரோடு பல விஷயங்களில் மாறுபட்டவர்களும் இந்த ஒரு கணக்கின் நேர்மையை மறுக்க முடியாது. இரண்டாவது சாவியை மனசாரத் தூக்கி எறிந்த ஆட்சியாளர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு.

யுத்த காலத்தில் காங்கிரஸ் மந்திரிசபை இல்லாத சமயம், கவர்னர் ஆட்சி மதுவிலக்கைக் கைவிட்டது. விற்பனை வரியைக் கைவிடவில்லை. அதைக் கவனியுங்கள்! பிறகு ஓமந்தூரார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

அந்த 1948-லேயே, சென்னை மாகாணத்துக்கு அடுத்த வீடான பெங்களூரில், ராதாகிருஷ்ண ஜக்தாலே என்பவர் ஒரு வடிசாலை ஆரம்பித்தார். பெயர் 'அம்ருத்'. பாற்கடலில் கிடைத்ததாகப் புராணம் சொல்லும் சரக்கின் பெயரையே வைத்துவிட்டார்! இந்திய 'விஸ்கி' என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலையில் மிஞ்சும் வெல்லப்பாகிலிருந்து வடிப்பது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று சொல்லி விற்கவே முடியாது. அம்ருத் கம்பெனியோ பார்லியிலிருந்தே வடித்து, பீப்பாயில் வைத்து, 2004 ஆகஸ்டில் நேரே கிளாஸ்கோவுக்கு எடுத்துக்கொண்டு போய் விற்பனைக்கு வைத்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதுதான். 2010-ஆம் வருஷத்துக்கான தம் நூலில் ஜிம் மர்ரே என்ற பேர்போன ருசி நிபுணர், அவர்களுடைய 'ஃப்யூஷன்' என்ற விஸ்கியை உலகத்திலேயே மூன்றாவது என்று எழுதினார். ஊசி விற்றுவிட்டது.

அந்த ருசிக்குக் காரணம் வெயில் என்கிறார்கள். பீப்பாய் மரத்தின் துவாரங்கள் வழியாகச் சாராயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிறது. ஸ்காட்லாந்தில் அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர்; வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு போனால் ஜாஸ்தி. பெங்களூரிலோ பத்து, பன்னிரண்டு என்று போகிறது. உஷ்ணத்தில் மரமும் சாராயமும் வேகமாகக் கலப்பதால், அங்கே பன்னிரண்டு வருஷத்தில் வரும் பக்குவம் இங்கே நாலைந்து வருஷத்தில் வந்துவிடுகிறதாம். எட்டு வருஷம் வைத்திருந்து 2013-ல் ஒன்று வெளியிட்டார்கள். தேறியது 144 பாட்டில்தான். 'பேராசைத் தேவதைகள்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். பெங்களூரிலேயே இந்தக் கதி என்றால், சித்திரை மாதத்துச் சிட்லபாக்கத்தில் ஒரு பீப்பாயை வைத்தால் என்ன மிஞ்சும்? நம் தேவதைகள் பீப்பாயையும் சேர்த்தல்லவா சாப்பிட்டுவிடும்!

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971 ஆகஸ்ட் வரை நின்றது. வேண்டாம் என்று ராஜாஜி மழையில் நனைந்துகொண்டு முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய்க் கேட்டுக்கொண்டார் என்பது பலரும் சொல்லும் செய்தி. 1974-க்குள் திரும்பவும் மூடினார்கள், 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடியும் திறந்தார்கள். 1983-ல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் என்ற கம்பெனியைச் சர்க்காரே ஆரம்பித்தது. 2003-ல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்து ஆப்காரி அதிகாரி ஒரு சாவியோடு நின்றார். இங்கே கடைச் சாவியும் சேர்ந்து சர்க்காரின் இடுப்புக்கு வந்துவிட்டது.

ராஜாஜியின் விற்பனை வரி என்ன ஆயிற்று? 2007-ல் அது மதிப்புக்கூட்டு வரியாகப் பெயர் மாறியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து அதில் பெரும்பகுதியை விழுங்கியது. ஆனால் குடிக்கும் மதுவை ஜி.எஸ்.டி.க்குள் சேர்க்கவில்லை, அதன் மேல் அந்தப் பழைய வரியைத்தான் இன்னும் மாநில சர்க்கார் வசூலிக்கிறது. 2023-24-ல் மதுவினால் தமிழ்நாட்டுக் கஜானாவுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஆப்காரித் தீர்வை ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மற்ற மூன்று பங்கும், கள்ளுக்கடைகளை மூடுவதற்காக 1939-ல் பிறந்த வரியின் வழியாக வந்தவை.